பெட்ரோல் குடித்த காரும் டிரைவர் சித்தனும்

சித்தனைத் திருடன் என்று யாரும் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம். சண்டை போடலாம், சத்தியம் செய்யலாம், வேலையை உதறிவிட்டுச் சொந்த ஊரான செம்மநத்தத்துக்கே போய் அண்ணன் தம்பிகள் காட்டில் சாமை விதைக்கலாம். ஜெயகுமாரி அம்மாள் அப்படியெல்லாம் வாய்விட்டுப் பேசுகிறவர் இல்லை. காரின் பெட்ரோல் மூடிச் சாவியை மட்டும் கேட்டு வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். அத்தோடு சரி.

அந்த அம்மாளுக்கு ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டைப் பக்கம் காப்பி எஸ்டேட். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக அதைக் கட்டி மேய்க்கிறவர். சித்தன் அவருடைய டிரைவர். ஜீப் காலத்திலிருந்து இருபது வருஷத்துக்கு மேலாக அங்கேதான் இருக்கிறார். ஐம்பது வயது ஆவதற்குள்ளேயே இடுப்பு போய்விட்டது. ஜீப் சீட்டும் எஸ்டேட் ரோடும் கூட்டுச் சேர்ந்து செய்த வேலை அது. காலையில் கட்டிலை விட்டு எழுந்திரிக்கவே முக்கி முனக வேண்டும். அலுப்பு அவருக்கு ஒரு சொந்தக்காரனைப் போல வந்து தங்கிவிட்டது. யாராவது சௌக்கியமா என்று கேட்டால், இருக்கிறேன் என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்.

கார் வந்தது எண்பத்தெட்டில். அம்மாளின் மருமகன் சிங்கப்பூரிலிருந்து திரும்பி வரும்போது கொண்டுவந்த ஜப்பான் கார். மறுபடியும் வெளிநாட்டுக்கே கிளம்பியபோது மாமியார் வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அதில் டர்போ என்று ஒரு சாமான் இருந்தது. இன்ஜின் விடுகிற புகையின் வேகத்திலேயே ஒரு சின்னச் சக்கரம் சுற்றும். அந்தச் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கிப் பிடித்து இன்ஜினுக்குள் தள்ளும். மலைக்கு மேலே காற்று கம்மி. ஜீப்பெல்லாம் கிழவன் மாதிரி மூச்சு வாங்கும். இந்தக் காருக்கு அந்தத் தொல்லை இல்லை. கொண்டை ஊசி வளைவில் அது ஏறுகிற அழகைப் பார்த்து, எதைப் பார்த்தாலும் சலித்துக்கொள்கிற சித்தனே முதல் நாள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

அந்தச் சிரிப்பு அடுத்த மழைக்காலம் வரைக்கும்தான். மழை விட்டதும் கார் பெட்ரோலைக் குடிக்க ஆரம்பித்தது. சும்மா இல்லை, மொடாக்குடி. சேலம் போய் வந்தால் பெட்ரோல் முள் பாதிக்குக் கீழே படுத்துவிடும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் கரும்புகை அடைத்துக்கொண்டு வரும். கண்ணாடியில் பார்த்தால் ரோடே தெரியாது. இழுவையும் குறைந்துபோயிற்று. சித்தன் அன்றைக்கே அம்மாளிடம் சொன்னார். அம்மாள் சேலத்தில் ஒரு பெரிய ஒர்க்ஷாப்புக்கு அனுப்பினார். அவர்கள் காரை நிறுத்தி வைத்து ஓடவிட்டுப் பார்த்தார்கள். நின்ற இடத்தில் வண்டி பூனை மாதிரி ஓடியது. புகையும் இல்லை, நாற்றமும் இல்லை. வண்டியில் ஒரு குறையும் கிடையாது, ஓட்டுகிற ஆளைப் பாருங்கள் என்று அம்மாளுக்குப் போனில் சொல்லிவிட்டார்கள். ஓட்டுகிற லட்சணத்தைத்தான் அவர்கள் சொன்னார்களோ என்னவோ, அம்மாள் வேறு விதமாக எடுத்துக்கொண்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எஸ்டேட் வண்டி ஓட்டுகிறவர்களில் சில பேர் டேங்குக்குள் டியூபை விட்டு உறிஞ்சி, கொஞ்சம் பெட்ரோலைக் கேனில் பிடித்து விற்றுக்கொள்வது உண்டு. பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை அது. முதலாளிகளுக்கும் தெரியும், அளவோடு போனால் கண்டுகொள்ள மாட்டார்கள். சித்தன் மட்டும் தொட்டது கிடையாது. உத்தமர் என்று நினைத்துவிட வேண்டாம். வாலிப வயதில், எஸ்டேட்டுக்கு வருவதற்கு முன்பு, யாருடைய வேனிலோ ஒரு தடவை டியூபை வாயில் வைத்து இழுத்து, வாய் நிறையப் பெட்ரோலை விழுங்கிவிட்டார். ஏப்பம் விட்டால்கூடப் பெட்ரோலே வந்தது. அதோடு வெறுத்துப்போனார். அப்புறம் அந்த வெறுப்பே பழக்கமாகி, வருஷம் ஆக ஆக அந்தப் பழக்கமே பெருமையாகிவிட்டது. பெருமைப்பட்டுக்கொள்ள மனுஷனுக்கு வேறென்ன இருந்தது சொல்லுங்கள். நிலமா, நீச்சா? சித்தன் கைசுத்தமானவன் என்கிற பேர் ஒன்றுதான் இருந்தது.

அந்தப் பேருக்குத்தான் இப்போது ஆபத்து வந்தது. பெட்ரோல் பங்குக்குப் போகும்போதெல்லாம் எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் பழனிசாமி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அம்மாள் கொடுத்தனுப்புகிற மூடிச் சாவி ரைட்டரின் சட்டைப்பையில். பங்கு ஆள் பெட்ரோல் அடிக்கும்போது ரைட்டர் இறங்கி நின்று மீட்டரைப் பார்ப்பார். சித்தன் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி எதிரே இருக்கிற சுவரைப் பார்ப்பார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மற்ற டிரைவர்கள், அண்ணனுக்கு ஜப்பான் பெட்ரோல் வியாபாரம் ஜோராக நடக்கிறதாமே, நமக்கும் ஒரு கேன் ஊற்றக்கூடாதா என்று கேலி செய்தார்கள். பாதிப் பேர் நிஜமாகவே நம்பினார்கள். இத்தனை நாளாக நடித்துக்கொண்டிருந்தான் பார் என்று அவர்களுக்கு ஒரு திருப்தி வேறு.

பெண்சாதி பாப்பாத்தி, இப்படி ஒரு பிழைப்பு வேண்டாம், வண்டிச் சாவியைத் தூக்கி எறிந்துவிட்டு வாருங்கள் என்று தினமும் ராத்திரி சொன்னாள். இப்போது விட்டுவிட்டுப் போனால் மாட்டிக்கொண்டான், ஓடிவிட்டான் என்றல்லவா பேசுவார்கள் என்று சித்தன் கேட்டார். சண்டை போடவும் அவருக்குத் தெம்பு இல்லை. வெந்நீர் ஒத்தடம் வைத்துக்கொண்டு குப்புறப் படுத்துக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாளைச் சர்ச்சில் இறக்கிவிட்டு, சித்தன் காரை நேரே ரஹமத்துல்லாவின் ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். ரஹமத்துல்லா சேலத்துக்காரர். ஏற்காட்டில் மெக்கானிக் ஷெட்டும், ஒட்டினாற்போல ஒரு பங்க்சர் கடையும் வைத்திருந்தார். வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் ஓட்டி வந்தவனைத் திட்டுவது அவர் வழக்கம். அன்றைக்குச் சித்தன் முகத்தைப் பார்த்துவிட்டு, திட்டாமல் டீ வரவழைத்தார்.

"பாய், வண்டி ஓடுனா போதும்னு வரலீங்க. பெட்ரோல் எங்க போவுதுன்னு எனக்குத் தெரியோணும். அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாமுங்க" என்றார் சித்தன்.

ரஹமத்துல்லா பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார். நாலும் அடுப்புக்கரி. காற்றுக்குப் பொருத்தமில்லாமல் பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று அதுவே சொல்லிவிட்டது. இதில் அவருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கீழேயிருந்து மலைக்கு வருகிற முக்கால்வாசி வண்டிக்கு இதே சீக்குத்தான். சேலத்துக் காற்றுக்கு வைத்த பெட்ரோல் ஏற்காட்டுக் காற்றுக்கு அதிகம். திருகைக் கொஞ்சம் திருப்பிப் பெட்ரோலைக் குறைத்தால் சரியாகிவிடும். வருஷக்கணக்காகச் செய்கிற வைத்தியம். இந்தக் காரிலும் ஒரு திருகைத் தேடிப் பிடித்துக் குறைத்துவிட்டார்.

சரியாகவில்லை. நின்ற இடத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி இப்போது நின்ற இடத்தில் தடுமாறி அணைந்தது. ஏற்றத்தில் கரும்புகை அப்படியே வந்தது. ஏறும்போது சீக்கு, நிற்கும்போது வைத்தியம் என்று ஆகிப்போயிற்று. ரஹமத்துல்லாவுக்கு வெட்கமாகிவிட்டது. திருகைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, பீடியைப் பற்றவைத்து வெகுநேரம் யோசித்தார். அந்த வாரத்திலேயே மறுபடியும் வரச் சொல்லி அனுப்பினார். எடுத்த வேலை முடியவில்லையென்றால் ராத்திரி சோறு இறங்காத ஆள் அவர்.

அடுத்த நடை அம்மாளுக்காகச் சேலத்தில் சாமான் வாங்கப் போகிற சாக்கில் இரண்டு பேரும் கீழே போனார்கள். திரும்பும்போது பெரிய ரோட்டில் வராமல் குப்பனூர் வழியாக ஏறினார்கள். அந்தப் பக்கம் பஸ் தொந்தரவு கம்மி, நினைத்த இடத்தில் நிறுத்தலாம். ரஹமத்துல்லா பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தார். சமமான ரோட்டில் ஒன்றும் இல்லை. லேசாக மிதித்தாலும் ஒன்றும் இல்லை. ஏற்றம் வந்து, நன்றாக மிதித்து, டர்போ வேலைக்கு வருகிற அந்த நேரத்தில் மட்டும் இன்ஜின் பக்கமிருந்து 'புஸ்'ஸென்று ஒரு சத்தம் வந்தது. சத்தம் வந்த கையோடு புகை. காலை எடுத்தால் இரண்டும் நின்றுபோயிற்று. இன்னும் நாலைந்து தடவை மிதிக்கச் சொல்லிக் கேட்டார். சித்தனுக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. மிதித்தார்.

ஷெட்டுக்கு வந்ததும் ரஹமத்துல்லா விளக்கினார். "பெட்ரோல் அதிகமில்லண்ணா. காத்துதான் களவு போவுது. உள்ள வர்ற காத்த வாசல்லயே ஒரு பொட்டி அளக்குது. இவ்வளவு காத்து, அதுக்கு இவ்வளவு பெட்ரோலுன்னு ஊத்துது. அளந்த காத்து இன்ஜினுக்குப் போற வழியில எங்கயோ வெளிய போயிருது. ஊத்துன பெட்ரோல் மட்டும் மிச்சம். டர்போ அமுக்கித் தள்ளுறப்பத்தான் காத்து பிச்சிக்கிட்டுப் போவும். சும்மா நிக்கறப்ப எப்புடித் தெரியும்?"

சித்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. திருட்டு நடந்தது நிஜம்தான், திருடியது தான் இல்லை என்று சொல்ல ஒரு வாய் கிடைத்துவிட்டது. இந்த மூன்று மாதத்தில் அவர் மனசாரச் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நிமிஷம்தான்.

எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க ரஹமத்துல்லா பங்க்சர் கடை வித்தையைத்தான் கையாண்டார். டியூபில் ஓட்டை தேடுகிற அதே வித்தை. காற்று நுழைகிற குழாயின் வாயை ஒரு பால்பவுடர் டப்பாவால் அடைத்தார். டப்பாவில் ஓட்டை போட்டு ஒரு வால்வைப் பொருத்தி, கம்ப்ரசரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டார். சித்தனிடம் சோப்புத் தண்ணீரையும் துணியையும் கொடுத்து, டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகிற ரப்பர் குழாய் நெடுகத் தடவச் சொன்னார். மேல்பக்கம் ஒன்றும் இல்லை. மூட்டுகளில் ஒன்றும் இல்லை. குழாயின் அடிவயிற்றில், கண்ணுக்கு மறைவான இடத்தில் துணி பட்டதும் நுரை பொங்கிக் கையெல்லாம் வழிந்தது.

ரஹமத்துல்லா லைட்டைப் பிடித்துக்கொண்டு கீழே படுத்துப் பார்த்தார். ரப்பர் குழாயில் ஒரு கிழிசல். கிழிசலின் மேல் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. காற்று விட விட, அந்தச் சுற்று தவளைத் தொண்டை மாதிரி உப்பி உப்பிக் காற்றைக் கக்கியது.

"எந்த மடையன்டா இது? ஜீப்புக்குக் கட்டற கட்ட இதுல கட்டி வெச்சிருக்கான்" என்று படுத்த வாக்கிலேயே கத்தினார்.

அந்தக் கம்பி முறுக்கு சித்தனுடையது. மழைக்காலத்தில் வண்டி கழுவும்போது, குழாய் எதிலோ உரசிக் கீறல் விட்டிருப்பதைப் பார்த்து, பெரிதாவதற்குள் கட்டிவிடுவோம் என்று கட்டினார். மலையில் ஜீப் ஓட்டுகிற எல்லோரும் செய்கிற காரியம். ஜீப் இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற ஜாதி. உறிஞ்ச உறிஞ்ச டியூப் சுற்று கீறலோடு ஒட்டி அடைத்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் தாங்கும். இந்தக் கார் காற்றைத் தள்ளுகிற ஜாதி என்பது அந்த நேரத்தில் அவர் புத்தியில் உறைக்கவே இல்லை. கட்டினதையும் அன்றைக்கே மறந்துபோனார். கட்டுக்குள்ளேயே கீறல் வாய் பிளந்து கிழிசலாகிவிட்டது.

கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னார். ரஹமத்துல்லா எழுந்து உட்கார்ந்து அவரையே பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, குழாய் தானாகக் கிழிந்தது என்றே சொல்லிவிடுவோம், நானே வந்து அம்மாளிடம் சொல்கிறேன், இந்தக் கட்டை இப்போதே அவிழ்த்துக் குப்பையில் போடுகிறேன் என்றார். நல்ல மனசில் சொன்னதுதான்.

சித்தன் வேண்டாம் என்றுவிட்டார். பாதி நிஜம் சொல்லி, மீதியை யார் எப்போது கண்டுபிடிப்பார்களோ என்று பயந்துகொண்டு இருக்க அவருக்கு உடம்பில் தெம்பில்லை. இன்னொரு கணக்கும் அவர் மனசில் ஓடியது. செய்த தப்பை நானே போய் ஒப்புக்கொண்டால், செய்யாத தப்பைச் செய்யவில்லை என்று சொல்லும்போது நம்பத்தானே வேண்டும்? இப்படி யோசித்தது தப்பென்று யாரால் சொல்ல முடியும். நானாக இருந்தாலும் அப்படித்தான் யோசித்திருப்பேன். ரஹமத்துல்லா சேலத்திலிருந்து தடித்த ரப்பர் குழாய் ஒன்றை வரவழைத்து, அளவு பார்த்து வெட்டி மாட்டினார். கார் பழையபடி புகையில்லாமல் ஏறியது. கிழிந்த குழாயைக் கட்டோடு ஒரு தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு சித்தன் பங்களாவுக்குப் போனார்.

ஜெயகுமாரி அம்மாள் வராந்தாவில் உட்கார்ந்து காப்பிக்கொட்டை சாம்பிளைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தன் வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். காற்று எப்படிப் போயிற்று, பெட்ரோல் எப்படிப் போயிற்று, கட்டை யார் கட்டியது, எதற்காகக் கட்டியது. இவ்வளவு நீளமாக அவர் பேசி அம்மாள் கேட்டதே இல்லை. அம்மாள் குழாயை வாங்கிக் கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். கோபப்படவில்லை. முகம் இளகித்தான் இருந்தது.

"தெரியாமப் பண்ணுனதுதானே, போவட்டும் உடு. நானும் உன்னச் சந்தேகப்பட்டுட்டேன், மனசுல வெச்சுக்காத. எப்பவும் நீ எடுக்கறதுக்கு மேல நொம்பப் போவுதேன்னுதான் ரைட்டர உட்டுப் பார்க்கச் சொன்னேன்."

சித்தனுக்கு முதலில் புரியவில்லை. "எப்பவும் எடுக்கறதுங்களா?"

"அட, அதுக்கென்ன? எங்க மாமனார் காலத்துலருந்தே டிரைவருங்க எடுக்கறதுதானே. நீ அளவோட எடுக்கற ஆளு. இத்தன வருசத்துல நான் ஒரு வார்த்த கேட்டிருக்கனா?"

"நான் எடுத்ததே இல்லீங்கம்மா. ஒரு நாள்கூட இல்லீங்க."

அம்மாள் சிரித்தார். குழந்தைகள் வாயெல்லாம் சர்க்கரையை வைத்துக்கொண்டு தின்னவில்லை என்று சாதிக்கும்போது பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. ஒரு துளி கெட்ட எண்ணம் கிடையாது அதில். கைப்பையைத் திறந்து பெட்ரோல் மூடிச் சாவியை எடுத்து நீட்டினார். "சரி சரி, நீ எடுக்கல. இந்தா, பழையபடி நீயே வெச்சுக்க. நாளைக்குக் காலையில சர்ச்சுக்குப் போவோணும்."

என்ன சொல்வது? அண்ணாந்து பார்த்துத் திட்டவா, காலில் விழவா? இருபது வருஷத்துக்கு மேலாக அந்த அம்மாள் அவரை நன்றாகத்தான் வைத்திருந்தார். தீபாவளிக்கு வேட்டி, காய்ச்சல் என்றால் டாக்டர், பாப்பாத்திக்குச் சேலை. அத்தனையும் ஒரு சின்னத் திருடனைப் பெரிய மனசோடு மன்னித்துக் கொடுத்தவை என்று இப்போதுதான் தெரிகிறது. இந்த மூன்று மாதச் சந்தேகம் என்றால் கிழிந்த குழாயைக் காட்டித் தீர்த்துவிடலாம். அதற்கு முந்தின வருஷங்களுக்கு எதைக் காட்டுவது? சித்தன் சாவியை வாங்கிக்கொண்டார். வாங்காமல் இருந்தால் அதற்கும் ஒரு அர்த்தம் சொல்லுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பாப்பாத்தி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். சாவியைக் கையில் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துபோயிற்று.

"ஏனுங்க, அம்மா என்ன சொன்னாங்க?"

"மன்னிச்சுட்டாங்க."

"எதுக்கு மன்னிக்கறாங்க? நீங்கதான் எடுக்கவே இல்லீங்களே?"

சித்தன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கட்டிலில் மெதுவாக உட்கார்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தார். அவள் விடாமல் மறுபடியும் கேட்டாள். காலையில் சீக்கிரம் போக வேண்டும், வெந்நீர் வை என்றார்.